மூடிய பானைக்குள் பன்றிக்கறி

பன்றியின் தோள்பட்டைக் கறி அவசரத்துக்கு இணங்காது. உயிரோடு இருந்தவரை உடலின் எடையைத் தாங்கி ஓயாமல் உழைத்த தசை அது. அதன் இழைகளுக்கு நடுவே கொலாஜன் என்ற கெட்டியான புரதம் சவ்வாகவும் நாராகவும் ஓடுகிறது. பெருந்தீயில் வாட்டினால் சவ்வு சுருங்கி, கறியில் உள்ள சாற்றையெல்லாம் பிழிந்து வெளியேற்றிவிடும். மெல்ல முடியாத கறிதான் மிஞ்சும். அதே கறியை 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், கொதி அடங்கிய சூட்டில் பல மணி நேரம் விட்டுவைத்தால் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறி இழைகளுக்கு நடுவே தங்குகிறது. கறியின் உட்சூடு 90 டிகிரியைத் தாண்டியதும் கத்திக்கு வேலை இல்லை. இரண்டு முள்கரண்டிகளால் இழுத்தாலே நார்நாராகப் பிரியும். அமெரிக்காவில் இதைத்தான் புல்டு போர்க் என்கிறார்கள்.

இந்தக் கறியை மின்சார ஸ்லோ குக்கரில் இட்டு, சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, சர்க்கரை, வினிகர், அன்னாசிப்பூ ஆகியவற்றோடு எட்டு மணி நேரம் வேகவைப்பது அமெரிக்க வீடுகளில் இப்போது சாதாரணமாக நடக்கிறது. ஆசியச் சுவை கலந்த புதுமை என்று அதைச் சொல்வது வழக்கம். புதுமை அதில் அவ்வளவு இல்லை. மூடிய பானையில், குறைந்த நீரில், தணிந்த தீயில் பன்றிக்கறியைக் குழைய வைக்கும் முறை சீனத்தில் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் எழுத்தில் இருக்கிறது. கறியைப் பிய்த்துப் பரிமாறுவது அமெரிக்கத் தென்மாநிலங்களின் கொடை. பானை, லித்துவேனிய யூதர்களின் ஓய்வுநாள் சமையலிலிருந்து பிறந்தது. மூன்று வரலாறுகளிலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழுகிறது: இத்தனை மணி நேரம் அடுப்பைக் காப்பது யார்?

சீன வரலாற்றில் இந்தச் சமையலோடு ஒட்டிக்கொண்ட பெயர் சு ஷி. 1037இல் சிச்சுவானின் மெய்ஷானில் பிறந்தவர். கவிஞர், ஓவியர், அரசு அதிகாரி. அவருடைய கவிதைகள் அரசை இகழ்கின்றன என்று 1079இல் வழக்குத் தொடுத்துச் சிறையில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு யாங்சி ஆற்றங்கரையில் இருந்த ஹுவாங்ஜோ என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். பதவி பெயரளவில்தான் இருந்தது, வருமானமும் சுருங்கியது. ஊருக்குக் கிழக்கே சரிவில் கைவிடப்பட்டுக் கிடந்த படைமுகாம் நிலத்தைத் திருத்திப் பயிரிட்டார். அந்தக் கிழக்குச் சரிவின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டு சு தொங்போ ஆனார்.

அந்நாளைய சோங் அரசமரபின் அரண்மனையில் ஆட்டுக்கறிக்கே மதிப்பு. பன்றிக்கறி மலிவாகக் கிடைத்தது. வசதியுள்ளவர்கள் அதைத் தொடவில்லை, ஏழைகளுக்கு அதைச் சமைக்கும் பக்குவம் தெரியவில்லை என்பது சு ஷியின் மனக்குறை. ஹுவாங்ஜோவில் பன்றிக்கறியைப் பற்றி அவர் எழுதிய குறும்பாடல் ஒன்று ஏறக்குறைய ஒரு சமையல் குறிப்பு. பானையைக் கழுவி, நீரைக் குறைவாக விட்டு, விறகைச் சுடர்விட்டு எரியவிடாமல் அமுக்கி வைத்து, கறி தானாகப் பக்குவப்படும்வரை அவசரப்படுத்தாமல் இருக்கச் சொல்கிறார். சோயா சாஸையோ சர்க்கரையையோ மதுவையோ அதில் அவர் குறிப்பிடவில்லை. அவர் சொல்வதெல்லாம் தீயையும் நேரத்தையும் பற்றித்தான். 1089இல் ஹாங்ஜோவுக்கு ஆளுநராகப் போய் மேற்கு ஏரியைத் தூர்வாரி, எடுத்த சேற்றைக் கொண்டு கரை எழுப்பினார் என்பது வரலாறு. மகிழ்ந்த மக்கள் பன்றிக்கறியும் மதுவும் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவர் இரண்டையும் ஒன்றாகச் சமைத்துக் கூலியாட்களுக்குப் பகிர்ந்தார், அதுவே தொங்போ கறியாயிற்று என்பது ஊரார் சொல்லும் கதை. கதை அழகானது. ஆனால் சமையலின் வரலாற்றுக்கு ஹுவாங்ஜோவின் குறும்பாடலே உறுதியான சான்று.

இன்று தொங்போ கறியில் காணும் செந்நிறம் சோயா சாஸ் தருவது. புளிக்கவைத்த சோயா விழுது சீனத்தில் மிகப் பழையது. அதிலிருந்து வடித்த நீர்ம சாஸ் தனிப் பொருளாகச் சமையலறையில் நிலைபெற்றது சோங் காலத்தையொட்டித்தான். மிங் அரசமரபின் காலத்துக்குள் இந்தச் சாஸும் குழைந்த பன்றிக்கறியும் இணைந்துவிட்டன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான ஜின் பிங் மெய் புதினத்தின் 23ஆம் அத்தியாயத்தில், வேலைக்காரனின் மனைவியான சோங் ஹுயிலியன் ஒரே ஒரு நீண்ட விறகை மூட்டி ஒரு முழுப் பன்றித் தலையைச் சமைத்துவிடுகிறாள். சோயா சாஸையும் சோம்பு, அன்னாசிப்பூ போன்ற மணப்பொருள்களையும் தடவி, வெள்ளீயப் பாத்திரத்தின் இரு பாதிகளையும் கவிழ்த்து இறுக மூடி வைக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்குள் தோல் கழன்று கறி குழைந்துவிடுகிறது. வீட்டுப் பெண்கள் சூதாட்டத்தில் வென்ற காசில் விருந்துண்ண, சமையல் அவள் தலையில் விழுகிறது என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. சமையல் வரலாற்றை நாடுவோருக்குப் புதினங்கள் சமையல் நூல்களுக்குச் சற்றும் குறையாத சான்றுகள். குறிப்பெழுதும் அறிஞர்கள் விட்டுவிடும் ஆளையும் விறகையும் அவை காட்டுகின்றன.

குறிப்பெழுதிய அறிஞர்களில் தலையாயவர் நான்ஜிங்கின் யுவான் மெய். 1792இல் வெளிவந்த அவருடைய சமையல் நூல் பன்றிக்கறியைச் சிவக்க வேகவைக்க மூன்று வழிகள் சொல்கிறது: இனிப்பு விழுது சேர்ப்பது, சோயா சாஸ் சேர்ப்பது, இரண்டும் இல்லாமல் வெறும் உப்பும் மதுவும் கொண்டு முடிப்பது. ஏறக்குறைய 600 கிராம் கறிக்கு 11 கிராம் உப்பு என்பது அவர் கணக்கு. சீக்கிரம் இறக்கினால் நிறம் மஞ்சளாக நிற்கும், சரியான வேளையில் சிவக்கும், தாமதித்தால் சிவப்பு ஊதாவாக மாறி கொழுப்பில்லாத பகுதி இறுகிவிடும் என்கிறார். அடிக்கடி மூடியைத் திறந்தால் கொழுப்பு போய்விடும், சுவை முழுவதும் கொழுப்பில்தான் இருக்கிறது என்றும் எச்சரிக்கிறார். ஸ்லோ குக்கரோடு வரும் கையேடுகள் எல்லாம் இன்று முதலில் சொல்வதும் மூடியைத் திறக்காதீர்கள் என்பதைத்தான், காரணம் சூடு இழப்பு என்றாலும். அதே நூலில் இன்னொரு குறிப்பு இன்னும் நெருக்கமானது: சதுரமாக நறுக்கிய கறியைச் சிறு பீங்கான் கலத்தில் இனிப்பு மதுவோடும் சோயா சாஸோடும் இட்டு, அதைப் பெரிய கலத்தில் வைத்து வாயை அடைத்து, நீரில்லாத பானையில் மெல்லிய தீயில் வேகவைப்பது. நேரத்தை அளக்கக் கடிகாரம் இல்லை. இரண்டு ஊதுவத்திகள் எரிந்து முடியும்வரை என்கிறார்.

தென்சீனக் கடற்கரையிலிருந்து, சிறப்பாக ஃபூஜியனிலிருந்து, கப்பலேறியவர்கள் இந்தப் பானையையும் கூடவே கொண்டுபோனார்கள். பிலிப்பீன்ஸில் அது வினிகரும் புளித்த கறுப்புச் சோயாவும் சேர்ந்த ஹும்பா ஆயிற்று. சில ஊர்களில் உலர்ந்த வாழைப்பூவும் சேர்ப்பார்கள். ஓகினாவாவில் அவமோரி மதுவும் கருப்பட்டி போன்ற கறுப்புச் சர்க்கரையும் சேர்ந்து ரஃபுடே ஆயிற்று. சீன வணிகர்கள் குடியிருந்த நாகசாகியில் அது ககுனி. வியட்நாமின் தெற்கே இளநீரும் முட்டையும் சேர்ந்து புத்தாண்டுச் சமையலாயிற்று. மலாக்காவின் பெரனாக்கான் வீடுகளில் தௌச்சு என்ற சோயா விழுதோடு பாபி பொங்தே ஆயிற்று. ஊருக்கு ஊர் புளிப்பும் இனிப்பும் மாறினாலும், புளித்த சோயாவின் ஆழமான சுவையும் மூடிய பானையும் பெரும்பாலும் மாறவில்லை. இவற்றில் பலவற்றுக்கு மணம் தருவது அன்னாசிப்பூ. தென்சீனத்தின் குவாங்சியும் வட வியட்நாமின் லாங் சோனும் அதன் விளைநிலம். தமிழ்நாட்டில் பிரியாணிக்குத் தாளிக்கும் அன்னாசிப்பூவும் அதே மரத்தின் காய்தான்.

கொலம்பஸுக்கு முன் அமெரிக்கக் கண்டத்தில் பன்றியே இருந்ததில்லை. 1493இல் அவர் தன் இரண்டாம் பயணத்தில் அதைக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுவந்தார். 1539இல் எர்னாண்டோ தெ சோத்தோவின் படை ஃபுளோரிடாவில் பன்றிகளோடு இறங்கியது. காட்டில் ஓக் கொட்டைகளைத் தின்று தாமே வளர்ந்த பன்றிகள் வர்ஜீனியாவிலும் கரோலினாக்களிலும் எளியோரின் கறியாயின. குச்சிப் பரண் கட்டி அடியில் தணலிட்டுக் கறியை வாட்டும் முறையைக் கரீபியத்தின் தாயினோ மக்கள் முன்பே கையாண்டுவந்தார்கள். தென்மாநிலங்களில் அது குழிச் சமையலாக வளர்ந்தது. தரையில் நீளமாகக் குழி வெட்டி, வேறோர் இடத்தில் ஓக், ஹிக்கரி மரக்கட்டைகளை எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலை மண்வெட்டியால் அள்ளி அள்ளிக் குழியில் பரப்பி, மேலே முழுப் பன்றியை விரித்து வைப்பார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை. கறியின் சூடு 70 டிகிரிக்கு அருகே வந்ததும் மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். மேற்பரப்பில் ஆவியாகும் ஈரம் கறியைக் குளிர்விப்பதே காரணம். தணல் குறையக் கூடாது, சுடர் எழவும் கூடாது.

இரவெல்லாம் அந்தக் குழியருகே விழித்திருந்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். தெற்குக் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த வெஸ்லி ஜோன்ஸ், முதிர்ந்த வயதில், 1930களில் அரசின் எழுத்தாளர் திட்டத்துக்கு அளித்த நேர்காணலில் அந்த வேலையை விவரித்திருக்கிறார். நீண்ட கோலின் நுனியில் துணி சுற்றி, வினிகர், மிளகு, மிளகாய், உப்பு, வெண்ணெய், சேஜ் இலை, கொத்தமல்லி, துளசி வகை, வெங்காயம், பூண்டு ஆகியவை சேர்ந்த குழம்பில் தோய்த்து, விடிய விடியக் கறிமேல் தடவிக்கொண்டே இருந்தார். அந்த விருந்துகளின் புகழ் நிலக்கிழார்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பக்குவம் முழுவதும் ஜோன்ஸ் போன்றவர்களின் கையில் இருந்தது. தென்மாநிலக் குழிச் சமையலின் வரலாற்றை எழுதும் எவரும் இந்தக் கைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கிடைத்தபின் குழிச் சமையல் தெருவோரத் தொழிலானது. வடக்குக் கரோலினாவின் கிழக்குப் பகுதி முழுப் பன்றியையும், வினிகரும் மிளகாயும் மட்டுமே சேர்ந்த சாஸையும் விடாமல் பிடித்துக்கொண்டது. ஏடன் என்ற சிற்றூரில் 1947இல் தொடங்கிய ஸ்கைலைட் இன் இன்றும் அந்த வழியில் இயங்குகிறது. மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள லெக்சிங்டன் நகரில் 1919இல் நீதிமன்றத்துக்கு எதிரே கூடாரம் போட்டவர்கள் தோள்பட்டைக் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு, சாஸில் சிறிது தக்காளி கெச்சப்பும் சேர்த்தார்கள். வீட்டுச் சமையலுக்கு இந்த இரண்டாம் வழியே வாய்ப்பாக அமைந்தது. முழுப் பன்றியை அடுக்களைக்குள் கொண்டுவர முடியாது, மூன்று நான்கு கிலோ தோள்பட்டைத் துண்டைக் கொண்டுவரலாம்.

மின்பானையின் கதை லித்துவேனியாவின் வில்னியஸ் வட்டாரத்தில் தொடங்குகிறது. யூதர்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை மாலைவரை நெருப்பு மூட்டக் கூடாது. ஓய்வுநாள் நண்பகலில் சூடாக உண்ண வேண்டும் என்றால், வெள்ளி மாலையே கறி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு நிறைந்த சோலன்ட் பானையை ரொட்டிக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்த வாரத்துக்கான வேலை முடிந்து ஆறத் தொடங்கும் அடுப்பின் மிச்சச் சூட்டில் அது இரவெல்லாம் வேகும். இங்கே அடுப்பைக் காக்க ஆள் வேண்டியதில்லை. 1902இல் நியூ ஜெர்சியில் பிறந்த இர்விங் நக்சன் என்ற பொறியாளருக்கு இந்த வழக்கத்தைச் சொன்னவர் அவருடைய தாய். நக்சன் 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1940 ஜனவரியில் கிடைத்தது. உள்ளே ஒரு மண்கலம், அதைச் சூழ்ந்த உறையில் பக்கவாட்டில் சூடேற்றும் கம்பி, மேலே மூடி. அடிச்சூடு இல்லாததால் அடிப்பிடிப்பது அரிது. நக்சன் பீனரி என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பீன்ஸ் வேகவைக்கும் கருவி என்றே பெயர் வாங்கியதால் பெரிதாகப் பரவவில்லை.

1970இல் நக்சனின் தொழிலைக் கேன்சஸ் சிட்டியைச் சேர்ந்த ரைவல் நிறுவனம் வாங்கியது. அதன் சோதனைச் சமையலறையில் கறி, கோழி, சூப்பு என்று எல்லாவற்றையும் அந்தப் பானையில் வைத்துப் பார்த்தார்கள். 1971இல் சிகாகோ வீட்டுப்பொருள் கண்காட்சியில் அது கிராக்-பாட் என்ற புதுப் பெயரோடும் சமையல் புத்தகத்தோடும் வந்தது. 1974இல் உள்கலத்தைத் தனியே எடுத்துக் கழுவும் வசதி சேர்ந்தது. 1971இல் 20 லட்சம் டாலராக இருந்த விற்பனை 1975இல் 9 கோடியே 30 லட்சம் டாலராயிற்று. அதே 1975இல் மேபல் ஹாஃப்மன் எழுதிய ஸ்லோ குக்கர் சமையல் நூல் நாடெங்கும் விற்றுத் தீர்ந்தது.

அதற்குக் காரணம் பானை மட்டும் இல்லை. 1970இல் அமெரிக்கப் பெண்களில் 43 விழுக்காட்டினர் வேலைக்குப் போனார்கள் அல்லது வேலை தேடினார்கள். 1980இல் அது பாதியைத் தாண்டிவிட்டது. காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டுப் போனால் மாலையில் சாப்பாடு ஆயத்தமாக இருக்கும் என்று விளம்பரங்கள் அவர்களை நோக்கியே பேசின. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், ஒரு மின்விளக்கோ இரண்டோ எடுக்கும் மின்சாரத்தில் எட்டு மணி நேரம் சமைக்கும் கருவிக்கு மதிப்பு இன்னும் கூடியது. அடுப்பருகே நிற்கும் வேலை ஒழிந்தது உண்மை. நறுக்குவதும் வதக்குவதும் காலை ஆறு மணிக்கு இடம்பெயர்ந்தன என்பதும் உண்மை. பன்றிக்கறி விலக்கப்பட்ட ஒரு மரபின் ஓய்வுநாள் பானை, அமெரிக்காவில் பன்றித் தோள்பட்டைக்கே பேர்போன பானையாக மாறியது இந்த ஆண்டுகளில்தான். அப்போதைய குறிப்புகளில் பெரும்பாலும் கடையில் வாங்கிய பார்பிக்யூ சாஸே சேர்ந்தது. புகை இல்லாத குறையைப் புட்டிப் புகைச்சாறு கொண்டு ஈடுகட்டப் பார்த்தார்கள்.

சோயா சாஸ் அமெரிக்க அடுக்களைக்கு வந்த வழி கரடுமுரடானது. 1850களில் கலிஃபோர்னியாவுக்கு வந்த சீனர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை விதித்த சட்டம் 1943வரை நீடித்தது. வந்தவர்களை ஒதுக்கிவைத்த நாடு அவர்களுடைய சாஸை டப்பா உணவுகளின் வழியாக ஏற்றுக்கொண்டது. 1965இன் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தது. 1973இல் ஜப்பானின் கிக்கோமன் விஸ்கான்சின் மாநிலத்தின் வால்வொர்த்தில் தொழிற்சாலை தொடங்கியது. சோயாவும் கோதுமையும் விளையும் நாட்டிலேயே சாஸ் புளிக்கத் தொடங்கியது. வியட்நாமிலிருந்து அகதியாக வந்த டேவிட் டிரான் 1980இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்ரீராச்சா மிளகாய் சாஸ் தயாரிக்கத் தொடங்கினார். 2006இல் நியூயார்க்கில் டேவிட் சாங் திறந்த மொமோஃபுகு சாம் பாரில், உப்பும் சர்க்கரையும் பூசி அடுப்பில் ஆறு மணி நேரம் வாட்டிய முழுத் தோள்பட்டையை மேசையில் வைத்து, வந்தவர்களே பிய்த்து, கீரையிலை, சோறு, கிம்ச்சி, சிப்பி ஆகியவற்றோடு உண்ணும் கொரிய முறை பெயர் வாங்கியது. 2012இல் நியூயார்க் டைம்ஸ் அதன் செய்முறையை வெளியிட்டபின் அது வீடுகளுக்கும் பரவியது. தென்மாநிலப் பிய்த்த கறியையும் ஆசியச் சுவையையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் இதனால் இன்னும் வலுத்தது.

ஸ்லோ குக்கருக்குச் சோயா சாஸ் பொருந்தியதற்கு வேதியியலும் ஒரு காரணம். மூடிய பானையில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறியின் மேற்பரப்பு வறுபட்டுச் சிவக்க 140 டிகிரி அளவாவது வேண்டும். ஆகவே நிறமும் வறுவாசனையும் இந்தப் பானையில் தாமாகப் பிறப்பதில்லை. குழிச் சமையலில் அவற்றைத் தந்த புகையும் இங்கே இல்லை. சோயா சாஸோ மாதக்கணக்கில் புளித்தபோதே அந்த நிறத்தையும் ஆழத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. மூடிய கலத்துக்காகவே பல நூற்றாண்டு பழகிய சீனச் சுவைக்கூட்டு, மூடிய மின்பானையில் எந்த ஈடும் தேடாமல் அமர்ந்துவிட்டது. பார்பிக்யூ சாஸுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

செய்முறையில் கவனிக்க வேண்டியவையும் இதிலிருந்தே வருகின்றன. ஆவி வெளியேறாததால் கறி விடும் நீர் முழுவதும் பானையிலேயே தங்கும். இரண்டு கிலோ கறிக்கு அரைக் கோப்பை சோயா சாஸும் அதே அளவு நீரோ அரிசி மதுவோ போதும். குறைந்த உப்புள்ள சோயா சாஸ் நல்லது, ஏனென்றால் கடைசியில் சாற்றைச் சுண்டவைக்கும்போது உப்பு ஏறும். இரண்டோ மூன்றோ அன்னாசிப்பூ, ஒரு துண்டுப் பட்டை, தட்டிய இஞ்சி, பூண்டு, பழுப்புச் சர்க்கரை ஆகியவை தொடக்கத்திலேயே போகும். வினிகரிலும் எலுமிச்சையிலும் ஒரு பங்கையும் வெங்காயத்தாளையும் நல்லெண்ணெயையும் இறுதிக்கு நிறுத்திவைக்க வேண்டும். எட்டு மணி நேரச் சூட்டில் அவற்றின் வாசம் நிற்காது. உறைந்த கறியை நேராகப் போடக் கூடாது. 4 முதல் 60 டிகிரிவரையான சூட்டில் கிருமிகள் பெருகும், மெதுவாகச் சூடேறும் பானையில் உறைந்த கறி அந்த எல்லையிலேயே நெடுநேரம் தங்கிவிடும். சிறு சூட்டில் எட்டு முதல் பத்து மணி நேரத்தில் எலும்பு தானாகக் கழலும். கறியை எடுத்துப் பிய்த்தபின், சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை வழித்து, அடுப்பில் பாதியாகச் சுண்டவைத்துக் கறியில் கலப்பார்கள். பிய்த்த கறியைத் தட்டில் பரப்பி, மேற்சூடு தரும் அவனில் சில நிமிடம் வைத்து ஓரங்களை முறுகவிடுவோரும் உண்டு. பானைக்குள் கிடைக்காத வறுவாசனை அந்தச் சில நிமிடத்தில் சேர்ந்துவிடும்.